பந்தும் மருந்தும்

1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள். இலண்டன் மாநகரின் வெம்பிளி விளையாட்டரங்கம் மக்கள் கூட்டத்தால் நிரம்பியிருந்தது. இரண்டாம் உலகப் போர் காரணமாக 12 ஆண்டுகள் நடைபெறாமல் இருந்த ஒலிம்பிக் போட்டி அன்று மீண்டும் தொடங்கியது. 59 நாடுகளைச் சேர்ந்த விளையாட்டாளர்கள் ஒவ்வோர் அணியாக அரங்கத்திற்குள் நுழைந்தனர். அவர்களுள் இந்திய அணியும் இருந்தது. இந்தியா விடுதலை பெற்று அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. சுதந்திர நாடாக அது கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே.

இந்திய அணியின் முன்னே மூவண்ணக் கொடியை ஏந்தி நடந்தவர் 30 வயது இளைஞர். அவர்தாம் இந்தியக் காற்பந்துக் குழுவின் அணித்தலைவர், தாலிமெரன் ஆவ். அன்று அவரைப் பார்த்தவர்களுள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவர் இன்னும் படிப்பை முடிக்காத மருத்துவக் கல்லூரி மாணவர். பந்தை நேசித்த அவருடைய கால்களும், மருத்துவராக வேண்டும் என்ற குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அவரை இரு திசைகளில் இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டில் எதை அவர் கைவிட்டார்? எதைக் காப்பாற்றினார்? அதுவே அவருடைய வாழ்க்கைக் கதை.

மலைக்கிராமத்துச் சிறுவன்

இந்தியாவின் வடகிழக்கு மூலையில், அசாமுக்கும் பர்மாவுக்கும் இடையே நாகா மலைத்தொடர் அமைந்துள்ளது. இன்று நாகாலாந்து மாநிலமாக விளங்கும் அப்பகுதியில் பல பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். ஒவ்வோர் இனத்தவருக்கும் தனி மொழியும் தனி வழக்கங்களும் உண்டு. அவர்களுள் ஒரு பிரிவினர் ஆவ் மக்கள். அம்மக்கள் வாழும் சாங்கி என்னும் மலைக்கிராமத்தில் 1918-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் தாலிமெரன் பிறந்தார். அவருடைய தந்தை சுபோங்வாதி ஒரு கிறிஸ்துவ சமயப் போதகர். குடும்பம் பெரியது, உடன்பிறந்தோர் பலர்.

தந்தையின் பணி காரணமாக அக்குடும்பம் இம்பூர் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் அமைத்திருந்த வளாகமும் பள்ளியும் இருந்தன. அவ்வளாகத்துத் திடலில்தான் தாலிமெரன் முதன்முதலில் பந்தை உதைத்தார். அது கடையில் வாங்கிய தோல் பந்து அன்று. பழைய துணிகளைச் சுருட்டி உருண்டையாகக் கட்டிய பந்து. காலணி அணிந்து விளையாடும் வழக்கமும் அங்கே இல்லை. மேடும் பள்ளமுமான மலைநிலத்தில் வெறுங்காலோடு ஓடி விளையாடியதால் அவருடைய பாதங்கள் உறுதி பெற்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலை தடுமாறாமல் நிற்கும் திறனும் வளர்ந்தது.

தந்தையின் விருப்பம்

தந்தை சுபோங்வாதி மலைமக்களின் துன்பங்களை நேரில் கண்டவர். அக்காலத்தில் அங்கே மருத்துவர்கள் மிகக் குறைவு. நோய் வந்தால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். வழியிலேயே உயிர் பிரிவதும் உண்டு. தம் மகன்களுள் ஒருவர் மருத்துவம் படித்து இம்மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பத்தைத் தாலிமெரனிடம் தெரிவித்தும் இருந்தார். ஆனால், மகன் மருத்துவராவதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தாலிமெரனின் இளமையிலேயே தந்தை காய்ச்சலால் இறந்துபோனார். உயிரோடு இருக்கும் தந்தை கேட்டதை மகன் மறுத்துப் பேசலாம், காரணம் சொல்லலாம், கால அவகாசம் கேட்கலாம். மறைந்துபோன தந்தையிடம் அவ்வாறு கேட்க முடியாது. அந்த விருப்பம் தாலிமெரனின் மனத்தில் ஒரு கடனாகத் தங்கிவிட்டது.

ஜோர்ஹாட் நகரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த அவர், குவாஹாட்டி நகரில் உள்ள காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். ஓட்டம், தாண்டுதல் முதலிய திடல்தடப் போட்டிகளிலும் அவர் சிறந்து விளங்கினார். எனினும், காற்பந்தே அவருடைய உயிர்மூச்சாக இருந்தது. அந்நகரின் மகாராணா கழகத்திற்காக அவர் விளையாடினார். அங்கே அவருக்குச் சரத் தாஸ் என்னும் ஆட்டக்காரரின் நட்பு கிடைத்தது. பின்னாளில் அந்த நட்பே ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது.

கல்கத்தா நாள்கள்

1942-ஆம் ஆண்டு தாலிமெரனுக்குக் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மலைக்கிராமத்திலிருந்து வந்த மாணவருக்கு அந்த மாநகரம் முற்றிலும் புதிய உலகம். அதுவோ மிகவும் கடினமான காலம். 1942-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின் மீது குண்டு வீசின. மறு ஆண்டு வங்காளத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. உணவு தேடி வந்த ஏழைகள் நகரத்துச் சாலையோரங்களில் மடிந்தனர். மருத்துவம் கற்க வந்த மாணவர்களுக்குப் புத்தகத்தில் இல்லாத பாடங்களை அந்தத் தெருக்கள் கற்பித்தன.

1944-ஆம் ஆண்டு போர் அவருடைய சொந்த மண்ணையே எட்டியது. நாகா மலையில் உள்ள கோஹிமா நகரில் ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் இடையே ஏப்ரல் முதல் ஜூன் வரை கடும் போர் நடந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவமும் இம்பால், கோஹிமா போர்முனையில் நின்றது. இவ்வளவு குழப்பங்களுக்கு நடுவிலும் தாலிமெரன் கல்கத்தாவில் தம் படிப்பைத் தொடர்ந்தார்.

கல்கத்தாவில் காற்பந்து என்றால் மக்களுக்கு உயிர். அந்நகரின் மிகப் பழைய கழகங்களுள் ஒன்று 1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பாகான். 1911-ஆம் ஆண்டு அக்கழகத்தின் இந்திய ஆட்டக்காரர்கள், காலணி அணிந்த ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை 2-1 என்னும் கோல் கணக்கில் தோற்கடித்துக் கேடயத்தை வென்றனர். அன்று மோகன் பாகான் அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் வெறுங்காலோடு விளையாடினர். அந்த வெற்றியை நாடே தன் வெற்றியாகக் கொண்டாடியது.

அத்தகைய புகழ்பெற்ற கழகத்தில் சரத் தாஸின் அறிமுகத்தால் 1943-ஆம் ஆண்டு தாலிமெரன் சேர்ந்தார். தொடக்கத்தில் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்த அவர், பின்னர் நடுத்திடலில் நின்று தற்காப்பைக் கவனிக்கும் ஆட்டக்காரராக மாறினார். கோல் அடிப்பவரின் பெயரே மறுநாள் செய்தித்தாளில் பெரிதாக வரும். எதிரணியின் பந்தைத் தடுத்து, அதைத் தாக்குதல் ஆட்டக்காரரிடம் கொண்டு சேர்ப்பவரின் உழைப்பு எளிதில் கண்ணில் படாது. தாலிமெரன் அந்த உழைப்பை விரும்பி ஏற்றார். உயரமான உடலும் நிதானமான மனமும் அவருக்குத் துணை நின்றன. விரைவிலேயே அவர் மோகன் பாகான் கழகத்தின் அணித்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வகுப்பறை, மருத்துவமனை, திடல் ஆகிய மூன்று இடங்களுக்கும் அவர் நேரத்தைப் பங்கிட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒருசேரச் செய்வதற்கு ஒரு விலை உண்டு. 1942-இல் கல்லூரியில் சேர்ந்த அவர் 1950-இல்தான் பட்டம் பெற்றார். படிப்பு நீண்டது, ஆனால், அவர் அதைப் பாதியில் விடவில்லை.

வெறுங்கால் வீரர்கள்

1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியக் காற்பந்துக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. பலாய்தாஸ் சட்டர்ஜி பயிற்றுநராக இருந்தார். தாலிமெரன் ஆவ் அணித்தலைவராக நியமிக்கப்பட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் காற்பந்து அணித்தலைவர் என்ற பெருமை இவ்வாறு ஒரு மலைக்கிராமத்து மகனுக்குக் கிடைத்தது.

அந்த அணியில் வங்காளத்தவர், தென்னிந்தியர், மலைப்பகுதியைச் சேர்ந்தவர் எனப் பலரும் இருந்தனர். அவர்கள் வீட்டில் பேசிய மொழிகள் வேறு. உண்ட உணவு வேறு. வழிபட்ட முறைகளும் வேறு. நாடு பிரிவினையின் காயத்தோடு இருந்த காலம் அது. அத்தகைய வேளையில் பலரையும் ஒரே சீருடையில் சேர்த்து நிறுத்துவதே பெரிய பொறுப்பு. அணித்தலைவர் நாணயச் சுண்டலுக்கு மட்டும் முன்வருபவர் அல்லர். ஆட்டம் கைமீறும் நேரத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் முகம் அவருடையது.

இலண்டன் மக்களை வியக்க வைத்த செய்தி ஒன்று இருந்தது. இந்திய ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. பாதத்தையும் கணுக்காலையும் துணிப்பட்டையால் சுற்றிக்கொண்டு விளையாடினர். வறுமை மட்டுமே அதற்குக் காரணம் என்று சிலர் எண்ணினர். உண்மையில், அவர்கள் சிறுவயது முதல் அவ்வாறே பழகியவர்கள். அக்காலக் காலணிகள் கனமான தோலால் செய்யப்பட்டவை. வெறுங்காலில் பந்தைத் தொட்டு உணர்ந்து கட்டுப்படுத்துவதே தங்களுக்கு எளிது என்று அவர்கள் கருதினர். இதைப் பற்றிக் கேட்ட செய்தியாளரிடம், தாங்கள் ஆடுவது காலால் ஆடும் பந்தாட்டம், காலணியால் ஆடும் ஆட்டம் அன்று என்னும் பொருள்படத் தாலிமெரன் நகைச்சுவையாக விடையளித்தார் என்று கூறப்படுகிறது.

கைநழுவிய வெற்றி

ஜூலை 31-ஆம் நாள் இல்ஃபோர்டு என்னும் இடத்தில் உள்ள கிரிக்கிள்ஃபீல்டு திடலில் இந்திய அணி பிரான்ஸ் அணியைச் சந்தித்தது. அனுபவமும் உடல் வலிமையும் மிக்க ஐரோப்பிய அணியிடம் வெறுங்கால் அணி பல கோல் வித்தியாசத்தில் தோற்றுவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆட்டம் அவ்வாறு நடக்கவில்லை.

30-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் முதல் கோலை அடித்தது. இந்திய அணி தளரவில்லை. சிறு சிறு தட்டல்களால் பந்தைக் கடத்திப் பிரான்ஸின் தற்காப்பைச் சோதித்தது. இந்தியாவுக்கு ஒரு பினால்டி வாய்ப்பு கிடைத்தது. சைலன் மன்னா அதை உதைத்தார், கோல் ஆகவில்லை. 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் சமநிலையை எட்டியது. சுதந்திர இந்தியா ஒலிம்பிக் காற்பந்தில் அடித்த முதல் கோல் அது. பார்வையாளர்கள் கைதட்டி ஆரவாரித்தனர்.

இந்தியாவுக்கு மற்றுமொரு பினால்டியும் கிடைத்தது. இம்முறை மகாவீர் பிரசாத் உதைத்தார். அதுவும் கோல் ஆகவில்லை. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே எஞ்சியிருந்தபோது பிரான்ஸின் இரண்டாவது கோல் விழுந்தது. 2-1 என்னும் கணக்கில் இந்தியா தோற்றது. ஒரே ஆட்டத்தோடு போட்டியிலிருந்தும் வெளியேறியது.

இரண்டு பினால்டிகளும் கோல் ஆகியிருந்தால் வென்றது இந்தியாவே. அந்த உண்மை ஓர் அணியைப் பிளவுபடுத்தியிருக்கக்கூடும். தோல்விக்குக் காரணம் இன்னார் என்று விரல் நீட்டுவது எளிது. அந்த அணியில் அவ்வாறு நேரவில்லை. ஒலிம்பிக்கிற்குப் பிறகு ஐரோப்பாவில் மேற்கொண்ட பயணத்தில், நெதர்லாந்தின் புகழ்பெற்ற அயாக்ஸ் அணியை 5-1 என்னும் கணக்கில் அந்த அணி வென்றது. பினால்டியைத் தவறவிட்ட சைலன் மன்னாவும் ஒதுக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1951-இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரே அணித்தலைவராக நின்று, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தார். ஒரு தவற்றைக் கொண்டு ஒருவரின் திறமையை அளந்துவிடாத அணிதான் மீண்டும் எழுகிறது.

பிரிந்த பாதைகள்

தாலிமெரனின் ஆட்டம் ஆங்கிலேயக் கழகங்களின் கவனத்தை ஈர்த்தது. இலண்டனைச் சேர்ந்த ஆர்செனல் கழகம் தம் அணியில் ஓராண்டு விளையாட அவரை அழைத்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். ஆர்செனல் அந்த ஆண்டில் இங்கிலாந்தின் முதல்நிலைக் கூட்டிணைவில் வாகை சூடிய அணி. அங்கே விளையாடினால் உலகப் புகழ் கிடைக்கும், வருமானமும் கிடைக்கும். காற்பந்தை நேசிக்கும் எந்த இளைஞனும் இத்தகைய அழைப்பைக் கனவில் மட்டுமே காண முடியும்.

மறுபுறம், கல்கத்தாவில் முடிக்கப்படாத மருத்துவப் படிப்பு காத்திருந்தது. வயதோ முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. காற்பந்து ஆட்டக்காரருக்கு இளமை திரும்பி வராது. இப்போது மறுத்தால் இந்த வாய்ப்பு மீண்டும் வராது என்பதும் அவருக்குத் தெரியும். படிப்பை இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் எழக்கூடியதே. ஆனால், தள்ளிப்போட்ட கடமைகள் பல முடிவுறாமலே போய்விடுவதும் உண்டு.

தாலிமெரன் அந்த அழைப்பை ஏற்கவில்லை. இந்தியாவுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். 1950-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். துணிப்பந்தை உதைத்த சிறுவன் டாக்டர் தாலிமெரன் ஆவ் ஆனார். தந்தை மறைந்து பல ஆண்டுகள் கடந்தபின் அவருடைய விருப்பம் நிறைவேறியது.

மீண்டும் மலைக்கு

மருத்துவரான பிறகு அவர் கல்கத்தாவிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அந்நகர மக்கள் அவரைக் கொண்டாடினர். எனினும், தந்தை கேட்டது வெறும் பட்டத்தை அன்று. மலைமக்களுக்குத் தொண்டு செய்வதையே அவர் கேட்டிருந்தார். அதனால், தாலிமெரன் முதலில் அசாமின் திப்ருகார் நகரில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றினார். பின்னர், 1953-ஆம் ஆண்டு கோஹிமா மருத்துவமனையில் துணை அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

அது அமைதியான காலம் அன்று. 1950-களில் நாகா மலையில் அரசியல் கொந்தளிப்பும் ஆயுத மோதல்களும் மூண்டன. சாலைகள் குறைவு, மழைக்காலத்தில் மண்சரிவு, மருந்தும் கருவிகளும் வந்து சேரக் காலதாமதம். போரில் சிதைந்த கோஹிமா மெல்ல மெல்ல மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. அந்தச் சூழலில்தான் டாக்டர் ஆவ் நோயாளிகளைக் கவனித்தார். அங்கே கைதட்ட ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் இல்லை. வெற்றி தோல்வியை எழுதும் செய்தித்தாளும் இல்லை. நடுத்திடலில் நின்று பிறர் கண்ணில் படாமல் உழைத்தவருக்கு அது புதிய அனுபவமாக இருந்திருக்காது.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமானது. அம்மாநிலத்தின் சுகாதாரச் சேவைகளின் இயக்குநராக டாக்டர் ஆவ் பொறுப்பேற்றார். ஒரு மருத்துவமனையைக் கவனித்தவரின் கையில் ஒரு மாநிலத்தின் நலவாழ்வே ஒப்படைக்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை அவர் அரசு மருத்துவப் பணியில் இருந்தார். காற்பந்துத் திடலில் அவர் புகழோடு இருந்த காலம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள். மலைமக்களுக்கு மருத்துவம் செய்த காலம் 25 ஆண்டுகள்.

நிலைத்த பெயர்

அவருக்குப் பின் இந்திய அணியைப் பலர் வழிநடத்தினர். 1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சமர் பானர்ஜியின் தலைமையில் இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பி.கே. பானர்ஜி அணித்தலைவராக இருந்தார். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சூனி கோஸ்வாமியின் அணி தங்கப் பதக்கம் வென்றது. வெறுங்கால் ஆட்டமும் மறைந்தது. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்னும் கணக்கில் தோற்ற பிறகு இந்திய ஆட்டக்காரர்களுக்குக் காலணி கட்டாயமாக்கப்பட்டது. பின்வந்த தலைவர்கள் வென்ற பதக்கங்களைப் போல் எதையும் தாலிமெரன் வென்றதில்லை. ஆயினும், இந்த நீண்ட வரிசையின் தொடக்கத்தில் அவருடைய பெயரே நிற்கிறது.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், தம் 80-ஆவது வயதில் டாக்டர் தாலிமெரன் ஆவ் காலமானார். அவர் படித்த காட்டன் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. அங்குள்ள உள்ளரங்கு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. வடகிழக்கு இந்தியாவின் மாநிலங்கள் மோதும் காற்பந்துப் போட்டிக்கு 2009-ஆம் ஆண்டு முதல் அவருடைய பெயரில் கிண்ணம் வழங்கப்பட்டது. அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைவடைந்த 2018-ஆம் ஆண்டு, இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவம் பதித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

பிடித்த ஒன்றுக்கும் செய்ய வேண்டிய ஒன்றுக்கும் இடையே நிற்கும் நிலை நம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். சிலர் கடமைக்காக விருப்பத்தை முற்றாக மறந்துவிடுவர். வேறு சிலர் விருப்பத்திற்காகக் கடமையைக் கைவிடுவர். தாலிமெரன் இவ்விரண்டையும் செய்யவில்லை. பந்தை உதைக்க வேண்டிய வயதில் முழு மனத்தோடு உதைத்தார். நாட்டின் கொடியையும் ஏந்தினார். நேரம் வந்தபோது பந்தைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவப் பையைக் கையில் எடுத்தார். எங்கோ ஒரு மலைப்பாதையில் நோயாளியைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தவர்களுக்கு, பாதையின் முடிவில் ஒரு மருத்துவர் இருந்தார். தந்தை விரும்பியது அதைத்தான்.